வாயில்களும் ஆற்றுப்படுத்தலும்: உறவுச் சிக்கல் தீர்க்கும் நெறி

முன்னுரை

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை, மக்கள், சுற்றம், நட்பு என்னும் உறவு வட்டங்களுள்ளேயே அவன் பிறக்கின்றான்; வளர்கின்றான்; மறைகின்றான். அவ்வட்டம் சிதையுங்கால் அவன் உள்ளமும் சிதைகின்றது. உடல் நோய்க்கு மருத்துவரை நாடும் நாம், உறவில் நேரும் நோயை வெளியே சொல்லவும் கூசுகின்றோம். சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சி மூடி வைக்கின்றோம். மூடி வைத்த புண் ஆறுவதில்லை.

அண்மைக்காலத்தில் உளவியலார் ‘உறவுச் சிகிச்சை’ என ஒன்றனைப் பற்றிப் பெரிதும் பேசுகின்றனர். இது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்றே நம்மவர் பலரும் எண்ணுகின்றனர். அதன் முறைகள் புதியனவாயினும், அதன் உயிர்நிலையான கருத்துகள் தமிழ் மரபிலும் இசுலாமிய நெறியிலும் நெடுங்காலமாக வேரூன்றியவை. அவற்றை எடுத்துக் காட்டுவதும், நம் தருமபுரி மாவட்டச் சூழலில் அவை எவ்வாறு பயன்படும் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

துன்பத்தில் உழல்வோர்க்கு உளவியல் அறிந்தோர் துணைநின்று வழிகாட்டுவதைத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என வழங்குகின்றோம். அழகிய சொல்லாட்சி இது. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழியிற் செலுத்துதல். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையால் வாடி எதிர்வரும் கலைஞனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்வதே ஆற்றுப்படையின் அமைப்பு. இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, வழி சொல்பவன் உயர்ந்த இடத்தில் நின்று அறிவுரை கூறுபவன் அல்லன், தானும் பசியறிந்தவன். மற்றொன்று, அவன் வழியைச் சொல்கின்றானேயன்றிக் கேட்பவனைத் தூக்கிச் சுமப்பதில்லை. நடக்க வேண்டியவன் கேட்பவனே.

‘ஆற்றுதல்’ என்னும் சொல்லுக்குத் தணித்தல் என்னும் பொருளும் உண்டு. சூடான பாலை ஆற்றுகின்றோம், அழுகின்றவரை ஆற்றுகின்றோம். அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் ‘ஆற்றாள்’, ‘ஆற்றுவித்தல்’ என்னும் சொற்கள் பன்முறை வருகின்றன. தலைவன் வருவதாகக் குறித்த பருவம் வந்தும் அவன் வராமையால் ஆற்றாளாகிய தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். இவ்வாறு உறுதி கூறித் தேற்றுவதற்கு ‘வன்புறை’ என்று பெயரும் இட்டனர் நம் முன்னோர். பெயரிடும் அளவிற்கு இப்பணி அவர்கள் வாழ்வில் இடம்பெற்றிருந்தது என்பது இதனால் புலனாகும்.

வாழ்வின் திருப்பங்கள்

உறவுகள் எப்பொழுது இடர்ப்படுகின்றன? பெரும்பாலும் வாழ்க்கை ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் காலத்தில் இடர்ப்படுகின்றன. பள்ளியிலிருந்து கல்லூரி, பிறந்தகத்திலிருந்து புகுந்தகம், தனிமையிலிருந்து தாய்மை, பணியிலிருந்து ஓய்வு, துணையோடு வாழ்ந்த வாழ்விலிருந்து கைம்மை என ஒவ்வொரு திருப்பமும் பழைய உறவுகளைப் புதிதாக அமைத்துக்கொள்ளும்படி நம்மைக் கேட்கின்றது.

அமெரிக்க உளமருத்துவ அறிஞர்களாகிய ஓம்சு, இராகே ஆகிய இருவரும் 1967ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வெளியிட்டனர். வாழ்வில் நேரும் 43 மாற்றங்களைத் தொகுத்து, அவை தரும் உளநெருக்கடிக்கு மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத்துணையின் மறைவுக்கு 100, மணமுறிவுக்கு 73, பிரிந்து வாழ்தலுக்கு 65 என அது அமைகின்றது. வியப்புக்குரிய செய்தி யாதெனில், திருமணத்திற்கு 50, ஓய்வுபெறுதலுக்கு 45, மகன் அல்லது மகள் வீட்டைவிட்டுச் செல்லுதலுக்கு 29 என மதிப்பெண் தந்திருப்பதாகும். மணப்பந்தலும் மகிழ்ச்சியும் சூழ்ந்த நாளுக்கும் உளச்சுமை உண்டு என்பதே இதன் கருத்து. புதுமணப்பெண் காரணமின்றி அழுதால் ‘இவளுக்கு என்ன குறை?’ என்று கேட்கும் நம் வீடுகள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

திருப்பத்தின்போது உள்ளத்திற்குக் காலம் வேண்டும் என்பதை இசுலாம் சட்டமாகவே வகுத்துள்ளது. கணவனை இழந்த பெண்ணிற்கு 4 மாதங்களும் 10 நாட்களும் ‘இத்தா’ எனக் காத்திருக்கும் காலமாகத் திருக்குர்ஆன் குறிக்கின்றது. இதற்கு மார்க்கச் சட்ட அறிஞர்கள் பல காரணங்கள் கூறுவர். துயருற்றவளை உடனே அடுத்த முடிவுக்குத் தள்ளாமல், அவளுக்கு ஓர் இடைவெளியைச் சமுதாயம் மதித்துத் தருகின்றது என்னும் உளவியல் பயனும் அதில் உண்டு என்பது நம் கருத்து. அந்நாட்களில் அவளை ஓர் அறையில் தனியே விட்டுவிடாமல், அவளருகே அமர்ந்து அவள் பேச்சைக் கேட்பவர் எத்தனை பேர் என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

பேகனும் நான்கு புலவர்களும்

கணவன் மனைவியரிடையே நேர்ந்த பிரிவைத் தீர்க்கப் பிறர் முயன்ற வரலாற்றைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று ஊரெல்லாம் புகழப்பட்டவன். அத்தகைய அருளாளன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு.) இவள்பொருட்டுப் புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் எழுந்தன. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நால்வர்.

இந்நால்வரும் மேற்கொண்ட முறை ஊன்றி நோக்கத்தக்கது. கபிலர் பேகனைக் குற்றம் சாட்டித் தொடங்கவில்லை. நின் சிற்றூர் வாயிலில் யாம் பாடியபோது ஒருத்தி விம்மி அழுதாள், இரங்கத்தக்க அவள் யார் என்று வினவுகின்றார். அறிந்தே கேட்கும் வினா அது. பேகனின் வாயிலிருந்தே விடை வரவேண்டும் என்பதற்காகக் கேட்கப்பட்டது. பரணர் அவளிடமே பேசியிருக்கின்றார். நீ பேகனுக்கு உறவினளோ என்று கேட்டதற்கு, அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் உறவினள் அல்லள் என்று மறுமொழி கூறியதை அப்படியே கொண்டுவந்து சேர்க்கின்றார். ‘நான் அவருக்கு ஒன்றும் இல்லை’ என்று ஒரு மனைவி சொல்லும் சொல்லில் எத்துணை வலி உள்ளது! பரணர் அவ்வலியைத் தம் சொற்களால் பெருக்கவில்லை. அவள் சொல்லாகவே அவன் செவியில் இட்டார்.

அடுத்த பாடலில் பரணர், பசித்தும் வரவில்லை, சுற்றத்தைத் தாங்கும் சுமையாலும் வரவில்லை என்கின்றார். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்கின்றார். அரிசில் கிழாரும் பொன்னும் பொருளும் வேண்டா என மறுத்து, வாடிய அவள் கூந்தல் மலர் சூடும்படி நின் குதிரைகளைத் தேரிற் பூட்டுக என்று வேண்டுகின்றார். பெருங்குன்றூர் கிழாரும் அவ்வாறே வேண்டுகின்றார். பரிசிலால் வாழும் புலவர் பரிசிலை மறுப்பது எளிய செயலன்று. இடைநிற்பவன் தன் நலம் கருதாதவனாய் இருத்தல் வேண்டும் என்னும் இலக்கணத்தை அவர்கள் தம் வறுமையைப் பணயம் வைத்து மெய்ப்பித்தனர்.

இந்நால்வருள் அரிசில் கிழார்க்கும் நம் மண்ணிற்கும் தொடர்புண்டு. அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அத்தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். போர்க்களத்தின் அழிவை அறிந்த அதே புலவர், ஒரு பெண்ணின் மலர் சூடாத கூந்தலுக்காகவும் வாய்திறந்தார். அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையார் வாழ்ந்ததும் இம்மண்ணே. இடைநின்று பேசுதல் தகடூர்க்குப் புதிதன்று.

வாயில் நேர்தலும் வாயில் மறுத்தலும்

ஊடிய தலைவன் தலைவியரிடையே நின்று கூட்டுவிக்க முயல்வோரைத் தொல்காப்பியர் ‘வாயில்கள்’ என்கின்றார். கற்பியலில் பன்னிருவரை அவர் தொகுத்துரைக்கின்றார். தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் முதலானோர் அதில் அடங்குவர். தாயும் தோழியும் நெருங்கிய உறவு. அறிவர் கற்றறிந்த சான்றோர். கண்டோர் வழியிற் கண்ட பிறர். ஒரு குடும்பத்தின் துயரில் வழிப்போக்கனுக்கும் ஒரு பங்குண்டு என்று கருதிய சமுதாயம் அது.

இம்மரபில் நாம் பெரும்பாலும் காணத் தவறும் செய்தி ஒன்று உண்டு. தலைவனுக்காக வரும் வாயிலைத் தலைவியோ தோழியோ ஏற்றுக்கொள்வது ‘வாயில் நேர்தல்’. ஏற்காது திருப்பி அனுப்புவது ‘வாயில் மறுத்தல்’. நேர்வதற்கு எத்துணை உரிமை உண்டோ, அத்துணை உரிமை மறுப்பதற்கும் உண்டு. பாணன் இனிக்கப் பேசியும் தோழி அவனைத் திருப்பி அனுப்பும் பாடல்கள் பலவாகும். ஆகவே சமாதானம் என்பது வற்புறுத்திப் பெறும் ஒப்புதல் அன்று என்பதைச் சங்கச் சான்றோர் உணர்ந்திருந்தனர்.

வள்ளுவரும் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என ஊடலுக்கே ஒதுக்கினார். ஊடலை உணவில் இடும் உப்பின் அளவோடு அவர் ஒப்பிடுவது நாம் அறிந்ததே. குடும்பத்தில் பூசலே இருத்தலாகாது என்று அவர் கூறவில்லை. அளவறிந்த பூசல் உறவுக்குச் சுவை. அளவு கடந்தது கேடு. இன்றைய உளவியலாரும், சண்டையே இல்லாத இல்லத்தைவிடச் சண்டைக்குப்பின் சமாதானம் செய்யத் தெரிந்த இல்லமே நலமுடையது என்பர்.

அருள்மறை காட்டும் நெறி

கணவன் மனைவியரிடையே பிளவு நேரும் என்று அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக அமர்த்துமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 35ஆம் வசனம் பணிக்கின்றது. இருவரும் இணக்கத்தை நாடினால் இறைவன் இணக்கம் அருள்வான் என்பது அவ்வசனத்தின் கருத்து. நடுவர் ஒருவர் அல்லர், இருவர். அவள் தரப்புக்கும் ஒரு குரல் உண்டு. எட்டுப்பேர் ஒருபுறமும் அழுகின்ற பெண் ஒருத்தி மறுபுறமுமாக நடக்கும் விசாரணைகளுக்கு இவ்வசனத்தில் இடமில்லை.

உச்ச நீதிமன்றமும் 2002ஆம் ஆண்டு சமீம் ஆரா வழக்கில், தலாக் என்பது தக்க காரணத்தின் அடிப்படையில் அமைய வேண்டும் என்றும், அதற்குமுன் இருதரப்பு நடுவர்களின் இணக்க முயற்சி நடந்திருக்க வேண்டும் என்றும் தீர்ப்புரைத்தது. ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் தலாக் 2017இல் செல்லாது எனத் தீர்ப்பாகி, 2019இல் சட்டப்படி குற்றமாகவும் ஆயிற்று. இச்சட்டத்தைப்பற்றிச் சமுதாயத்தில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும், நடுவர்களை அமர்த்தும் இறைக்கட்டளையை நாம் முழுமனத்தோடு கடைப்பிடித்திருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

கேட்டலின் சிறப்பை உணர்த்தும் அத்தியாயம் ஒன்றும் அருள்மறையில் உண்டு. ‘அல்முஜாதலா’ என்னும் 58ஆம் அத்தியாயம், தன் கணவனைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்ட ஒரு பெண்ணின் சொல்லை இறைவன் செவியேற்றான் என்றே தொடங்குகின்றது. கவ்லா (ரலி) என்னும் அப்பெண்மணியின் குடும்ப வழக்கு வானத்தில் கேட்கப்பட்டது. நம் வீட்டுக் கூடத்தில் அது கேட்கப்படுகின்றதா?

இவையனைத்திற்கும் மேலாக, ஆற்றுப்படுத்துவோர் நெஞ்சில் பதிக்க வேண்டிய நிகழ்ச்சி பரீரா (ரலி), முகீஸ் (ரலி) ஆகியோரின் வரலாறு. அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்ற பரீராவுக்குத் தம் கணவரோடு தொடர்ந்து வாழவும் பிரியவும் உரிமை கிட்டியது. அவர் பிரிவைத் தேர்ந்தார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டே மதீனத்துத் தெருக்களில் அவர் பின்னே திரிந்தார். அக்காட்சியைக் கண்டு இரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முகீசிடம் திரும்பிச் செல்லலாமே எனப் பரீராவிடம் கூறினார்கள். இது தங்கள் கட்டளையோ என்று அவர் வினவினார். பரிந்துரைக்கவே செய்கின்றேன் என்றார்கள் அண்ணலார். அவ்வாறாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா மறுத்துவிட்டார். புகாரீ நபிமொழித் தொகுப்பில் இடம்பெறும் செய்தி இது. மதீனாவின் தலைவரும் இறைத்தூதருமாகிய பெருமானாரின் பரிந்துரையையே ஒரு பெண் மறுக்க முடிந்தது, அம்மறுப்பு மதிக்கவும்பட்டது. ‘வாயில் மறுத்தல்’ என்னும் தமிழ்த் துறையும் இந்நபிமொழியும் ஒரே உண்மையில் சந்திக்கின்றன.

தற்கால உறவுச் சிகிச்சை

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உளநோயைத் தனிமனிதனின் நோயாகவே மருத்துவர்கள் கருதினர். பின்னர்க் குடும்பம் முழுவதையும் ஒருங்கே அமர்த்திப் பேசும் முறை வளர்ந்தது. அமெரிக்காவில் நாதன் ஆக்கர்மன், வர்சீனியா சாத்தீர், சால்வடார் மினுச்சின் முதலானோர் இத்துறையின் முன்னோடிகள். ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுத்தால், பிள்ளையை மட்டும் ஆராயாமல், தாய்க்கும் தந்தைக்கும் இடையே உள்ள பேச்சற்ற நிலையையும் இவர்கள் ஆராய்ந்தனர். சீன் பேக்கர் மில்லர் என்னும் பெண் மருத்துவர் 1976இல் பெண்களின் உளவியல் குறித்து எழுதிய நூல் மற்றொரு திருப்பம். பிறரைச் சாராமல் தனித்து நிற்பதே முதிர்ச்சி என்னும் கருத்தை அவர் மறுத்தார். நல்ல உறவுகளுக்குள்ளேயே மனிதர் வளர்கின்றனர். துண்டிப்பே துன்பத்தின் ஊற்று என்றார்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியதன்று. அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் 1950களில் நோயாளியின் குடும்பத்தாரையும் வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்து, அவர்களையும் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. அங்கும் நோயாளியுடன் உறவினர் தங்குவது நடைமுறையாயிற்று. குடும்பத்தைச் சிகிச்சையில் துணையாகக் கொண்ட இம்முயற்சிகள் உலகோர் கவனத்தையும் ஈர்த்தன.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கைத் தீர்ப்பதற்குமுன் இணக்கத்திற்கு முயலுமாறு நீதிமன்றத்தையே பணித்து, ஆற்றுப்படுத்துநர்களுக்கும் இடமளித்தது. தமிழகத்தில் 1992 முதல் தோன்றிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் குடும்ப வழக்குகள் பலவற்றில் முதலில் பேசித் தீர்க்கவே முயல்கின்றன.

தருமபுரி மண்ணில்

1965இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004இல் கிருட்டிணகிரி அதனின்றும் தனி மாவட்டமாயிற்று. மழையை நம்பிய மானாவாரி நிலம் மிகுந்த பகுதியாதலின், பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோர் மிகப்பலர். வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் உண்டு. பொருள்வயிற் பிரிவு என்னும் பாலைத்திணை இங்கு ஏட்டில் மட்டும் இல்லை. ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் ஞாயிறு இரவுகளில் அதனைக் காணலாம். தந்தையைத் தொலைபேசியில் மட்டுமே அறிந்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

இம்மாவட்டத்திற்கு ஒரு பெருமையும் உண்டு. பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை அமைக்கும் பணி 1989இல் தருமபுரி மாவட்டத்திலேதான் தொடங்கியது. சேமிப்புக்காகக் கூடிய பெண்கள் சேமிப்பைமட்டும் பேசிக் கலையவில்லை. குடிப்பழக்கம், அடி, மகளின் படிப்பு, மாமியார் நோய் ஆகியவற்றையும் வட்டமாக அமர்ந்து பேசினர். தோழியும் அறிவரும் கண்டோரும் ஒரே பாயில் அமர்ந்த அவை அது எனலாம்.

மறக்கவியலாத துயரமும் உண்டு. வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இருவர் மணம்புரிந்ததை ஒட்டி, 2012ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. பெண்ணின் தந்தை தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு சூலைத் திங்களில் அந்த இளைஞரும் இருப்புப்பாதை அருகே உயிரற்றுக் கிடந்தார். ஒரு வீட்டின் உறவுச் சிக்கலாக இருந்ததைக் கூட்டம் கையிலெடுத்தபோது நேர்ந்த விளைவு இது. இதனை வெறும் ஆற்றுப்படுத்தலின் குறையாகக் கூறிவிட இயலாது. சாதிக் கொடுமைக்குச் சட்டமும் நீதியுமே மருந்து. உச்ச நீதிமன்றமும் 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வயதுவந்த இருவர் இசைந்து மணம்புரிவதற்குக் குடும்பமோ சமுதாயமோ ஒப்புதல் தரத் தேவையில்லை எனத் தெளிவுபடுத்தியது. எனினும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எஞ்சுகின்றது. அழுது நின்ற அந்தத் தந்தையின் அருகில், ஊர் என்ன சொல்லும் என்று தூண்டுவோருக்கு மாறாக, ‘உன் மகள் உயிரோடிருக்கிறாள், அது போதும்’ என்று சொல்ல ஒரு வாயில் இருந்திருந்தால்?

வகுப்பறையில் கற்றது

சில ஆண்டுகளுக்குமுன் புறநானூற்றின் 145ஆம் பாடலை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். இறுதி வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “பேகன் திரும்பிப் போனானா, ஐயா?” என்று கேட்டாள். பாடல் அதனைக் கூறவில்லை என்று விடையிறுத்துவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றோம். வகுப்பு முடிந்தபின்பும் அவள் நின்றுகொண்டிருந்தாள். வெளியூரில் தொழில்செய்யும் தந்தை எட்டு மாதமாக வீட்டிற்கு வரவில்லை என்றும், பணமும் அனுப்பவில்லை என்றும், அம்மா யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருக்கிறார் என்றும் கூறினாள். நாம் என்ன செய்தோம்? “பொறுமையாயிரு அம்மா, படிப்பில் கருத்தைச் செலுத்து” என்று அறிவுரை கூறி அனுப்பினோம். அவள் தலையசைத்துச் சென்றாள். அடுத்த நான்கு நாட்கள் கல்லூரிக்கு வரவில்லை.

நான்கு புலவர்களின் முறையை விளக்கி முடித்த கையோடு அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டோம் என்பது பின்னரே உறைத்தது. அவள் மீண்டும் வந்தபோது, நம் குறையை ஒப்புக்கொண்டு, அவளைப் பேசவிட்டுக் கேட்டோம். அவள் இசைவோடும் அவள் தாயின் இசைவோடும் தாய்வழியில் ஒருவரும் தந்தைவழியில் ஒருவருமாகப் பெரியவர் இருவர் சென்று அம்மனிதரைக் கண்டனர். வேறு குடும்பம் எதுவும் அவருக்கு இல்லை. தொழில் நொடித்துக் கடன் ஏறியிருந்தது. வெறுங்கையோடு வாசலில் நிற்க வெட்கம். எட்டு மாதமும் அவ்வெட்கத்தில் கழிந்திருந்தது. வீட்டிலோ, அவர் தம்மைக் கைவிட்டார் என்றே கருதியிருந்தனர்.

அவர் திங்களுக்கொரு முறை வரத் தொடங்கினார். கடன் உடனே தீர்ந்துவிடவில்லை. அம்மா முன்போல் பேசுவதில்லை என்று மாணவி சொன்னாள். அந்தத் தாய்க்கு மன்னிக்கவும் உரிமை உண்டு, மன்னிக்கக் காலம் எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று இம்முறை நாம் அறிவுரை ஏதும் கூறவில்லை. அம்மாணவி தேர்வெழுதித் தேறினாள்.

ஆற்றுப்படுத்துவார்க்குரிய நெறிகள்

மேற்கண்ட செய்திகளினின்றும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் பயன்படும் நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

1. முதலிற் கேட்டல். அறிவுரை பின்னர் வரலாம், வாராமலும் இருக்கலாம். கபிலரைப்போல் வினவுக, பரணரைப்போல் பாதிக்கப்பட்டவரின் சொல்லை அவர் சொல்லாகவே ஏற்றுக்கொள்க.

2. இருதரப்பையும் தனித்தனியே கேட்டல். அவை நடுவே பெண் தன் மனத்தைத் திறத்தல் அரிது. ஆணும் தன் வெட்கத்தைத் திறத்தல் அரிது.

3. தன் நலம் கருதாமை. சொத்து, சாதி, சமாஅத் அரசியல், உறவுக்கடன் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் தனக்குப் பங்கிருப்பின் அவர் வாயிலாக நிற்கத் தகுதியற்றவர்.

4. மறைகாத்தல். கேட்டதைத் தெருவிலோ தேநீர்க் கடையிலோ சொல்வது அமானிதத்தைக் கெடுப்பதாகும்.

5. பரிந்துரைத்தல், கட்டளையிடாமை. மறுப்பதற்கு உரிமையில்லாத இடத்தில் இசைவுக்கும் பொருளில்லை.

6. எல்லை அறிதல். இதுவே இன்றியமையாதது. அடியும் உதையும் உள்ள வீட்டில் ‘விட்டுக்கொடுத்துப் போ’ என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது ஆற்றுப்படுத்தல் ஆகாது. அவளை ஆபத்தில் தள்ளுவதாகும். 2006 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அவளுக்குத் துணை நிற்கும். 181 என்னும் எண்ணில் மகளிர் உதவி கிட்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் திருமணம் பேசப்படுமாயின், அது உறவுச் சிக்கல் அன்று, சட்டமீறல். 1098 என்னும் எண்ணில் தெரிவித்தல் நம் கடமை.

7. மருத்துவரிடம் சேர்ப்பித்தல். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வில் வெறுப்பு ஆகியவை நீடித்தால் அவை நல்வார்த்தையால் மட்டும் தீரா. சாவைப்பற்றி ஒருவர் பேசினால், அதனை மிரட்டல் என்று ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், உடனே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். 2022 முதல் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். நோயுற்றவர் மருந்தை நாடுவது இறைநம்பிக்கைக் குறைவாகாது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள்.

முடிவுரை

ஆற்றுப்படை பாடிய கலைஞரும், பேகனிடம் சென்ற புலவர் நால்வரும், தொல்காப்பியர் தொகுத்த வாயில்களும், அருள்மறை கூறும் இரு நடுவரும், தற்கால உறவுச் சிகிச்சையாளரும் ஒரே பணியின் பல வடிவங்கள் என்பது இதுகாறும் கூறியவற்றால் தெளிவாகும். உறவில் நேர்ந்த நோய்க்கு உறவே மருந்து என்பதும், அம்மருந்தையும் வற்புறுத்தி ஊட்டலாகாது என்பதும் இவ்வாய்வின் முடிவுகளாம்.

நம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர் பலர் நாளை ஆசிரியராவர். இமாம்களாகவும், குழுத்தலைவிகளாகவும், ஊர்ப் பெரியவர்களாகவும் விளங்குவர். வகுப்பு முடிந்தபின்பும் ஒருவர் போகாமல் நின்றுகொண்டிருந்தால் அவரைக் கவனித்துப் பார்க்க அவர்கள் கற்றிருத்தல் வேண்டும். பேகன் திரும்பிச் சென்றானா என்பதைப் புறநானூறு கூறாது விடுத்தது. அவனிடம் சென்று பேச நால்வர் இருந்தனர் என்பதைமட்டும் அது கூறிற்று. நம் தெருவில் அழுபவர்க்காகச் சென்று பேச ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவ்வொருவராக நம்மை ஆக்கியருள எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுவோமாக.